பிரைவேட் ஆம்புலன்ஸ்

1940 அக்டோபர் 14, திங்கள். கார்டிஃப் துறைமுகம்

எங்கள் கப்பலின் பின்பக்கத்தில் ஒரு ஜெர்மன் விமானம் நறுக்கென்று குட்டிவிட்டுப் போய்விட்டது. நொண்டி நொண்டி இங்கே வந்து சேர்ந்தோம். ஆட்களுக்குச் சேதமில்லை. கேப்டனின் கிளி மட்டும் பேச்சை நிறுத்திவிட்டது. சுக்கான் அறையில் ஒரு புது நோட்டு அநாதையாகக் கிடந்தது. தத்து எடுத்துக்கொண்டேன்.

என் பெயர் தனுக்கோடி. வயது பதினேழு. ஊர் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படிப்பு. ஹெட்மாஸ்டரின் குடைக்குள் நண்டு இருந்த விஷயத்தில் படிப்பு நின்றது. நண்டை விட்டது நான் இல்லை. குடையை விரித்தது அவர். கப்பலில் எனக்கு பாய்லருக்குக் கரி தள்ளும் வேலை.

ஒன்றை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். நான் யாரையும் தேடி இங்கே வரவில்லை.

சடையன் மகன் அம்பலவாணன் என்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர்தான் என் அப்பா. எனக்கு ஐந்து வயதாகும்போது கப்பல் வேலைக்குப் போனார். கடைசியாகத் தபால் வந்தது இந்தக் கார்டிஃபிலிருந்துதான். அந்தத் தபாலின் அழகைச் சொல்ல வேண்டும். அம்மா கைப்பட எழுதிய கடிதத்தில் பதினொரு எழுத்துப் பிழைகளைச் சுழித்து, திருத்தி, அம்மாவுக்கே திருப்பி அனுப்பியிருந்தார். பதில் என்று ஒரு வரி இல்லை. அதோடு சரி. பன்னிரண்டு வருஷம்.

பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லையென்றால் ஆள் போய்விட்டதாக அர்த்தமாம். பெரியப்பா சொல்கிறார். வருகிற தை அமாவாசைக்குத் தர்ப்பையில் ஒரு பொம்மை செய்து, கடற்கரையில் கொள்ளி வைத்து, அம்மாவின் பொட்டை அழித்துவிடப் போகிறார்கள். கொள்ளி வைக்க வேண்டிய மகன் ஓடிவந்துவிட்டேன். "நானே வைக்கிறேன்" என்று பெரியப்பா காத்திருக்கிறார். நான் கப்பலேறும்போது அம்மா கேட்டது ஒன்றுதான். "உசுரோட இருக்காரான்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுடா ராசா."

அம்மா பெயர் அஞ்சலை. அஞ்சாதவள்தான். அமாவாசைக்கு மட்டும் அஞ்சுகிறாள்.

அந்தப் பழைய கடிதம் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. சும்மா எடுத்து வந்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

சும்மா கேட்டுப் பார்த்தேன். மாலுமிகள் அலுவலகம், ஆஸ்பத்திரி, துறைமுகத் தெருவின் தங்கும் விடுதிகள். பதினாலு இடம். பதினாலு இடத்திலும் பதிவேட்டில் 'ஏ' பக்கத்தை விரித்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டி, "அம்பலவாணன் என்று எவரும் இல்லை, தம்பி" என்றார்கள். பதினாலாவது இடத்தில் விரல் ஓட்டியவருக்குப் பாவம் விரலே தேய்ந்திருக்கும்.

அக்டோபர் 22, செவ்வாய்

அடுத்த வாரம் எங்களையெல்லாம் வேறு கப்பலில் ஊருக்கு அனுப்பப் போகிறார்களாம். அதனால் இன்று பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன். காரணம்: பூட்ஸ் தருகிறார்கள். வேறு காரணம் எதுவும் கிடையாது.

பயனியர் படை என்று பெயர். துப்பாக்கியைவிட மண்வெட்டியை நம்பும் படை. குண்டு விழுந்த இடத்தில் இடிபாட்டை அள்ளுவதுதான் வேலை. கரி அள்ளினவனுக்குக் கல் அள்ளுவது பதவி உயர்வு.

ஆள் எடுக்கும் எழுத்தர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"வயது?"

"பத்தொன்பது." ஒரு மூச்சில் இரண்டு தீபாவளி தாண்டிவிட்டேன்.

"பெயர்?"

"தனுக்கோடி."

"குடும்பப் பெயர்?"

"எங்கள் குடும்பத்துக்குப் பெயர் கிடையாது, ஐயா. கெட்ட பெயர் கொஞ்சம் உண்டு. என்னால்."

அவர் சிரிக்கவில்லை. "பெயருக்கு முன்னால் ஏதாவது எழுதுவாயா, மாட்டாயா?"

"அ. எங்கப்பா பேரின் முதலெழுத்து."

"முழுதாகச் சொல்."

சொன்னேன். அம்பலவாணன் என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் பொடியாக 'டி' என்று ஒரு எழுத்து போட்டார். அந்த ஒற்றை எழுத்துதான் இனி நான். கழுத்தில் தொங்கும் வில்லையிலும் அப்படியே அடித்துத் தந்தார்கள். எந்த ஆளைக் காணோமோ அந்த ஆளின் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறேன்.

அம்பலவாணன் என்று சொல்ல இங்கே எவனுக்கும் நாக்கு புரளவில்லை. மதியத்துக்குள் 'ஆம்புலன்ஸ்' ஆகிவிட்டேன். சாதாரணச் சிப்பாய்க்கு இங்கே 'பிரைவேட்' என்று பட்டம். ஆக நான் பிரைவேட் ஆம்புலன்ஸ். பிரைவேட் என்றால் அந்தரங்கம், அம்பலம் என்றால் ஊரறிய. இரண்டையும் ஒரே ஆளுக்கு மாட்டிவிட்டார்கள்.

அக்டோபர் 30, புதன்

என் விரல் கணக்குப்படி இன்று தீபாவளி. விளக்கு ஏற்றத் தடை. வெடிக்குக் குறைவில்லை, ஆகாயத்திலிருந்தே போடுகிறார்கள்.

நவம்பர் 4, திங்கள்

எங்கள் கம்பெனி ஒரு மூடிய பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறது. கடைசியில் பள்ளிக்கூடம் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

பக்கத்துப் படுக்கைக்காரன் பெயர் டாய். வேல்ஸ்காரன், சுரங்கத்திலிருந்து வந்தவன். நான் 'டேய்' என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறான். இவ்வளவு வசதியான நண்பன் எனக்கு ஊரில்கூட இருந்ததில்லை.

சமையல்காரர் நம் நாட்டுக்காரர். நாற்பதைத் தாண்டியவர், கருத்த மனிதர், நரைத்த மீசை. எல்லாரும் அவரை 'சேட்' என்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் துணி விற்கும் சேட்டு நல்ல சிவப்பு. இவர் அடுப்பில் நின்று நின்று கருத்த சேட்டு போலிருக்கிறது. சேட்டுக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது? எனக்குத் தெரிந்த கப்பல் இந்துஸ்தானியில் "ரொட்டி அச்சா ஹை" என்றேன். அவர் என்னை முறைத்தார்.

அதற்கு முன்னால் ஒரு வேடிக்கை. சாப்பாட்டு வரிசையில் சார்ஜன்ட் புது ஆட்களின் பெயரை வாசித்தார். என் பெயரில் முட்டிக்கொண்டு, "அம்... பா... லா... வா... நான்" என்று ஒவ்வொரு எழுத்தாகத் துப்பினார். அந்த நேரம் பார்த்துச் சேட்டின் கையிலிருந்த அகப்பை நழுவிச் சூப்புக்குள் போய்விட்டது. பாவம், கை நடுக்கம் போலும்.

நவம்பர் 11, திங்கள்

பாசறையில் எங்கே பார்த்தாலும் ஈரம். இந்த நோட்டு நமுத்துப்போகிறது. இனிமேல் சமையல்கட்டில் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைக்கப்போகிறேன். அங்கே சேட்டு மட்டும்தான் இருப்பார். படித்துவிடுவார் என்ற பயமில்லை. அவருக்கு இது ஜிலேபி பிழிந்த காகிதம்.

நவம்பர் 20, புதன்

மழை. கல் அள்ளினோம். டாயிடம் எங்கள் ஊரைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அங்கே வாளைப்பழம் தார் தாராகத் தொங்கும் என்றேன். போர் வந்த பிறகு வாளைப்பழத்தைக் கண்ணால் பார்க்கவில்லை என்று டாய் பெருமூச்சு விட்டான்.

நவம்பர் 22, வெள்ளி

விசித்திரம்! நேற்று முன்தினப் பக்கத்தைப் புரட்டினால், வாளைப்பழத்தின் 'ளை' இரண்டு இடத்திலும் பென்சிலால் அடிக்கப்பட்டு 'ழை' ஆகியிருக்கிறது. சரிதான், வாளை மீன், வாழை மரம். மீன்பிடிக்கிற ஊரில் பிறந்தவனுக்குப் பழம்கூட வாலை ஆட்டுகிறது. நானே தூக்கக் கலக்கத்தில் திருத்தியிருப்பேன். இத்தனை வருஷம் விழித்திருந்து வராத படிப்பு தூக்கத்தில் வருகிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று சேட்டிடம் ஒரு சேட்டை.

டாய்க்குத் தமிழில் 'மிக்க நன்றி' கற்றுக்கொடுத்தேன். அதாவது, அவன் அப்படி நம்பினான். நாலு நாள் பாடம் எடுத்து, உச்சரிப்பைச் செதுக்கி, இன்று சாப்பாட்டுத் தட்டோடு சேட்டின் முன்னால் நிறுத்தினேன். டாய் நெஞ்சில் கைவைத்துக் கணீரென்று சொன்னான்: "ஒங்க சட்டிக்குள்ள எலி குளிக்குது!"

சேட்டு அப்படியே சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். தோள் இரண்டும் குலுங்கின. பயங்கர இருமல். அடுப்புப் புகை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

இரவுச் சாப்பாட்டில் என் தட்டில் மட்டும் ஒரு முழு எலி. மாவில் செய்து சுட்டது. வால்கூட இருந்தது. யார் வேலை என்றே தெரியவில்லை. டாய்மேல்தான் சந்தேகம்.

டிசம்பர் 9, திங்கள்

சும்மா இன்னும் மூன்று இடம் கேட்டேன். இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

தை அமாவாசை ஜனவரி 27 அன்று வருகிறது. நாற்பத்து மூன்று நாள்.

டாய் இன்று கேட்டான், அப்பாவைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று. ஒரே ஒரு கேள்வி கேட்பேன் என்றேன். பிழையைத் திருத்தத் தெரிந்த கைக்குப் பதில் எழுத ஏன் தெரியவில்லை? அவ்வளவுதான். பதில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, டீ குடித்துவிட்டுப் போய்விடுவேன். எங்கள் மேல் அக்கரை இல்லாத மனிதரைத் தேடி நான் ஏன் அலைய வேண்டும்? அலையவில்லை.

ஆற்று மீன் புளிக்குழம்பு சாப்பிட்டு ஒரு வருஷம் ஆகிறது. அதை மட்டும் நினைத்தால் அழுகை வருகிறது. குழம்பை மட்டும்.

டிசம்பர் 17, செவ்வாய்

மதியம் மீன். வேகவைத்த வெள்ளை மீனாக இருக்குமென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு போனால், சிவப்பாக ஒரு குழம்பு! காடிதான் ஊற்றியிருக்கிறார், புளி இல்லை. ஆனாலும் கடுகு தாளித்திருந்தது. சார்ஜன்ட் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார். நான் மூன்று தட்டு. சேட்டுகள் இவ்வளவு நன்றாக மீன் சமைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ச் சேட்டு வெங்காயமே தொடமாட்டார்.

இன்னொரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய 'அக்கரை'யில் யாரோ 'ரை'யை அடித்து 'றை' போட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயரிலேயே அக்கரை இருப்பதால் எனக்கு அந்த ஒரு 'ர'தான் பழக்கம். அது போகட்டும். எழுத்தைத் திருத்தியவர் பக்கத்திலிருந்த 'இல்லாத' என்ற சொல்மேலும் பென்சிலை வைத்திருக்கிறார். ஒரு சின்னப் புள்ளி விழுந்திருக்கிறது. அடிக்கவில்லை. பென்சிலை எடுத்துவிட்டார்.

இதைப் பற்றி நான் மேலே யோசிக்கப் போவதில்லை. பூட்ஸுக்கு மெருகு போட வேண்டும்.

1941 ஜனவரி 4, சனி

முந்தாநாள் ஊரே அதிர அடித்தார்கள். இரண்டு நாளாகக் கல், கல், கல். கவிழ்ந்த வீட்டிலிருந்து ஒரு பாட்டியம்மாளின் பூனையை டாய் வெளியே எடுத்தான். பூனை அவனைப் பிறாண்டியது. சேட்டு தள்ளுவண்டியில் அண்டாவை ஏற்றி, நாங்கள் வேலை செய்யும் தெருவுக்கே டீ கொண்டுவருகிறார். எனக்கு ஊற்றும்போது மட்டும் அகப்பை ஒரு கணம் நின்று, இரண்டாம் முறை இறங்குகிறது. சர்க்கரைத் தட்டுப்பாட்டில் இது எப்படி என்று டாய் பொருமுகிறான்.

ஜனவரி 14, செவ்வாய்

காலைக் கஞ்சியைச் சேட்டு பொங்க விட்டுவிட்டார். பாலும் ஓட்ஸும் அண்டா விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழிந்து ஒரே நாற்றம். சார்ஜன்ட் கத்துகிறார். மனிதர் அண்டாவை இறக்கக்கூட இல்லை. கிழக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முனகியபடி சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

படுக்கப் போகும்போதுதான் நினைவு வந்தது, இன்று தை முதல் தேதி.

தற்செயல்.

ஜனவரி 20, திங்கள்

விரலெல்லாம் செங்கல் கீறல். எழுத்து கோணினால் கோணட்டும்.

காலை பத்து மணி. குண்டடி பட்ட ஒரு வீட்டு வரிசையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். தெருமுனையில் சேட்டின் டீ வண்டி வந்து நின்றது. வண்டிக்குப் பின்னால் தனியாக நின்றிருந்த ஒரு சுவர், யாரும் தொடாமல், தானாகவே உட்கார்ந்துவிட்டது. புழுதி. எல்லாரும் கத்தினார்கள். "ஆம்புலன்ஸ்! ஆம்புலன்ஸ்!"

என் பெயரைக் கூப்பிட்டால் நான் ஓடத்தானே வேண்டும்? ஓடினேன். அவர்கள் கூப்பிட்டது ஆஸ்பத்திரி வண்டியை என்பது பாதித் தூரத்தில்தான் உறைத்தது. அதற்குள் மற்றவர்களைவிட இருபது கஜம் முன்னால் போய்விட்டேன். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையாலேயே செங்கல்லைப் பிடுங்கினேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"எட்டுக்குடி முருகா! எவன்டா இந்தச் செவுத்தக் கட்டுனவன்?"

எட்டுக்குடி எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் நடைத் தூரத்துக் கோயில். எந்தச் சேட்டும் எட்டுக்குடி முருகனைக் கூப்பிடமாட்டான்.

"சேட்டு! நீங்க தமிழா?"

"வாய மூடிகிட்டுக் கல்ல எடுடா. எழுதறதும் வாய், பேசறதும் வாய்!"

எடுத்தேன். தலை வந்தது, மீசை வந்தது, கழுத்து வந்தது. கழுத்தில் வில்லை. சுண்ணாம்பைத் துடைத்துவிட்டுப் படித்தேன்.

சடையன், ஏ.

என் வில்லையைப் பார்த்தேன். அம்பலவாணன், டி.

சடையன் என் தாத்தா பெயர். வெள்ளைக்கார எழுத்தருக்கு முன்னால் நின்று நான் செய்த அதே காரியத்தை இந்த மனிதரும் எப்போதோ செய்திருக்கிறார். அப்பா பெயரை முன்னால் சொல்லியிருக்கிறார். நான் என் அப்பாவாகிவிட்டேன். அவர் அவருடைய அப்பாவாகிவிட்டார். எங்கள் குடும்பத்துக்கே ஒரு தலைமுறை பதவி உயர்வு. சடையனை யாரோ பாதியில் வெட்டிச் 'சேட்' ஆக்கியிருக்கிறார்கள். பதினேழு இடத்தில் நான் 'ஏ' பக்கத்தைப் புரட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் 'எஸ்' பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு டீயில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்டா கல்ல எடுக்காம நிக்குற?" என்றார்.

கண்ணில் சுண்ணாம்பு விழுந்துவிட்டது என்றேன். அதற்குள் நிஜ ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. இடது கால் முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை.

டாய் கேட்டான், "சேட் உனக்குத் தெரிந்தவரா?"

"இப்போதுதான் அறிமுகம்" என்றேன்.

ஜனவரி 21, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலைக் கட்டித் தூக்கில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அந்தக் காலையே பார்த்தோம்.

"நோட்டப் படிச்சீங்களா?" என்றேன்.

"வாளைப்பழம்னு எழுதி வச்சா கை சும்மா இருக்குமா?"

"அப்ப மொதல் பக்கமும்..."

"மொதல் பக்கந்தான் மொதல்ல படிச்சேன்."

"எலி?"

"மாவு எலி நாந்தான். சட்டிக்குள்ள எலி குளிக்குதாம்ல."

சிரித்தேன். அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது. "ரெண்டு மாசம் தெரிஞ்சுகிட்டே ஏன் சொல்லல?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீதான் எழுதியிருந்தியே, டீ குடிச்சிட்டுப் போயிருவேன்னு. தெனமும் டீ ஊத்துனேன். நீ போவல. அப்புடியே ஓடட்டும்னு விட்டுட்டேன்."

என் கேள்வியையும் அவரே எடுத்தார். அம்மாவின் கடிதத்தைத் திருத்தி அனுப்பியது விளையாட்டுக்கு. அவள் கோபித்துக்கொண்டு எழுதும் பதிலைப் பார்க்க. ஒழுங்கான கடிதம் அடுத்த தபாலில் எழுதலாம் என்றிருந்தார். அடுத்த தபாலுக்குள் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரி. கப்பல் விட்டுவிட்டுப் போய்விட்டது. அம்மா கோபித்து எழுதிய பதில் அம்பலவாணன் என்ற பெயருக்கு வந்து, ஆளில்லை என்று எங்கோ போயிருக்கும். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவர் சடையன்.

"மொத வருசம் ஒடம்பு முடியல. ரெண்டாம் வருசம், இத்தன நாளு எழுதாம இப்ப எப்புடி எழுதறதுன்னு வெக்கம். அப்பறம் வெக்கமே பழகிப்போச்சுடா."

"இங்க எனக்கு வெள்ளக்காரச் சித்தி யாராச்சும்?"

"ஒரு பூனை இருந்துச்சு. அதுவும் போயிருச்சு."

அமாவாசைக்கு ஆறு நாள் இருக்கிறது, தந்தி அடிக்க வேண்டும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "வேணாம்டா. பன்னெண்டு வருசம் கழிச்சு எந்த மூஞ்சிய வச்சுகிட்டு உசுரோட இருக்கேன்னு சொல்றது? செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

"மூஞ்சி தந்தியில போவாதுப்பா. எழுத்து மட்டுந்தான் போவும்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. இந்த முறை இருமல் என்று எழுத மாட்டேன்.

ஜனவரி 22, புதன்

தந்தியை நானே அடித்துவிடலாம். ஆனால் அம்மா நம்பமாட்டாள். நம்பவும் கூடாது. பத்து வயதில் ஒரு ஏப்ரல் முதல் தேதி "அப்பா வந்துட்டாரு" என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினேன். அம்மா பாதிப் பின்னலோடு துறைமுகம் வரை ஓடினாள். திரும்பி வரும்போது நடந்து வந்தாள். என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

என் பெயரில் தந்தி போனால், பயல் அதே விளையாட்டை ஆடுகிறான் என்று பெரியப்பா கொள்ளியைப் பற்ற வைத்துவிடுவார். அது அப்பா சொன்ன சொல்லாக இருக்க வேண்டும்.

யோசித்தேன். சேட்டை செய்கிறவனுக்கு எதிராளியின் பலவீனம் தெரிய வேண்டும். அது எனக்குத் தெரியும்.

ஜனவரி 23, வியாழன்

ஒரு தாளில் தந்தி வாசகத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தபாலாபீஸில் இங்கிலீஷாக்கிக் கொடுக்கத்தான். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே அனுப்பிக்கிறேன். கேட்டுக்குங்க" என்று தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

'அப்பா உயிரோடு இருக்கிரார். பொட்டை அளிக்காதே. உண் கடிதத்தில் பதினொரு பிளை திருத்தியவர் இவர்தான்.'

படித்தார். கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி படித்தார். கால் தூக்கில் ஆடியது.

"என்ன எழவுடா இது?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கிறார்னா வல்லின ற! அளிக்காதேன்னா குடுக்காதேன்னு அர்த்தம். அஞ்சலை பொட்ட யாருக்குக் குடுக்கப் போறா? உண் கடிதம்னா, கடிதத்த எடுத்துத் தின்னவா? பென்சிலக் குடு."

கொடுத்தேன். மனிதர் முதுகை நிமிர்த்தி, தாளைத் தொடைமேல் வைத்து, ஒவ்வொன்றாகச் சுழித்தார். 'பிளை' வந்ததும் பல்லைக் கடித்தார். பதினொன்றில் பென்சில் நின்றது.

"இதுவும் தப்பு."

"பதினொண்ணா? அம்மா நூறு தடவ எண்ணியிருக்கு."

"சுழிச்சது பதினொண்ணு. தப்பு பன்னெண்டு." குரல் இறங்கிவிட்டது. "கடைசில கையெழுத்துல அவ பேரையே தப்பா எழுதியிருந்தா. அஞ்சளைன்னு. பெரிய 'ள' போட்டு. அவசரம் போல. அதத் திருத்த மனசு வரல. அது நல்லாருந்துச்சு."

அவசரமாகப் பைக்குள் கைவிட்டு அம்மாவின் கடிதத்தை எடுத்தேன். சும்மா எடுத்து வந்திருந்தேன். பதினொரு சிவப்புச் சுழி. கடைசியில் சுழி இல்லாமல், பெரிய 'ள'வோடு, அஞ்சளை. பன்னிரண்டு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கும் காகிதம். என் கண்ணுக்கும் பட்டதில்லை.

"இத எழுதுங்க. இது ஒங்க ரெண்டு பேரத் தவிர யாருக்குந் தெரியாது" என்றேன்.

ரொம்ப நேரம் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என் தாளை முழுக்க அடித்துவிட்டு, கீழே அவரே எழுதினார்.

'பிழை பதினொன்று அல்ல, பன்னிரண்டு. பன்னிரண்டாவது உன் பெயர். பொட்டை அழிக்காதே. அம்பலவாணன்.'

ஒரு எழுத்துப் பிழை இல்லை. வாங்கிக்கொண்டு ஓடினேன். தெருவில் யாரோ "ஆம்புலன்ஸ், எங்கே ஓடுகிறாய்?" என்றார்கள். அவசரம் என்றேன். ஆம்புலன்ஸை நிறுத்திக் கேள்வி கேட்கலாமா?

ஜனவரி 27, திங்கள்

அமாவாசை. பதில் இல்லை. கல் அள்ளினேன்.

ஜனவரி 29, புதன்

இல்லை. டாய் தானாகவே எனக்கு டீ கொண்டுவந்தான். புதுச் சமையல்காரனின் டீ கழுவின தண்ணீர்.

ஜனவரி 31, வெள்ளி

வந்தது! பாதித் துணி துவைத்துக்கொண்டிருந்தவன் சோப்புக் கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்பாவுக்கு முன்னால் நின்று வாசித்தேன். தமிழில் சொன்னால் இப்படி:

'தந்தி கடற்கரையில் கிடைத்தது. பொம்மை கடலில் போயிற்று. பொட்டு இருக்கிறது. என் கடிதத்துக்குப் பதில் எங்கே. அஞ்சலை.'

இரண்டு பேரும் சிரித்ததில் தூக்கில் இருந்த கால் ஊஞ்சலாடி, நர்ஸ் வந்து என்னைத் துரத்தினாள்.

பிப்ரவரி 1, சனி

அப்பா பதில் எழுதுகிறார். 'அன்புள்ள' என்று எழுதி இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார். நான்காவது தாள். பன்னிரண்டு வருஷத்தைப் பார்க்க இரண்டு மணி நேரம் பெரிதில்லை என்றேன். "போடா அங்குட்டு" என்றார்.

இந்த நோட்டை இன்று அவர் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். அடுப்படி அலமாரியைவிடப் பாதுகாப்பான இடம். அதற்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியம்.

நான் அப்பாவை மண்ணித்துவிட்டேன்.

மூன்று சுழி 'ண'. தெரிந்தேதான் போட்டிருக்கிறேன். அன்றைக்குச் சுவர் அவர்மேல் மண்ணைக் கொட்டியதே, அதைச் சொல்கிறேன். வேறு அர்த்தம் வேண்டுமானால் அவரே திருத்திக்கொள்ளட்டும். திருத்தினால் அது அவர் எழுதியது. நான் எழுதியதாகாது.

பிப்ரவரி 2, ஞாயிறு

நோட்டு தலையணைக்கு அடியிலேயே இருந்தது. இரண்டு எழுத்திலும் ஒவ்வொரு சுழியை அழித்திருக்கிறார்.

மறுபடி போட என் கையில் பென்சில் இருந்தது. போடவில்லை.